மஞ்சள் போர்டுக்கு ஒரு வெப்சைட்: நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதல் வெப்சைட் செய்பவர்கள் பெரும்பாலும் கலர் பிக்கரைத் திறந்து, கண்ணுக்குப் பிடித்த ஒரு நிறத்தை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு இன்னொன்று, அதன்பின் மற்றொன்று. ஐந்தாறு நிறம் சேர்ந்ததும் பக்கத்தைத் திறந்து பார்த்தால் விலை கண்ணில் படாது, பட்டன் எது தலைப்பு எது என்று தெரியாது. எடுத்த நிறம் ஒவ்வொன்றும் அழகானதுதான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்காமல் எடுத்ததால் வந்த சிக்கல் இது.

ஜவுளிக்கடையில் புடவை எடுப்பவர் உடலைத் தனியாகவும் கரையைத் தனியாகவும் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பிரித்துப் போடச் சொல்லித்தான் பார்க்கிறார். திரையிலும் அப்படியே. எழுத்து எப்போதும் ஏதோ ஒரு பின்னணியின்மேல்தான் நிற்கிறது. ஆகவே நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் எண்களோடு செய்து பார்க்கிறோம்.

உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மரச்செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் விற்கும் சிறு கடை, போர்டு மஞ்சள். வேண்டுமென்றேதான் மஞ்சளை எடுத்திருக்கிறோம். திரைக்கு வரும்போது இவ்வளவு தொல்லை தரும் நிறம் வேறில்லை. மஞ்சளைக் கையாளத் தெரிந்துவிட்டால் நீலமும் அரக்கும் எளிது.

முதலில் எண்கள்

திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. மொத்தம் 1,67,77,216 நிறங்கள். இந்த மூன்று எண்ணைப் பார்த்து நிறத்தை மனதில் கொண்டுவருவது கடினம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஹெச்எஸ்எல் முறை வசதியானது. அதிலும் மூன்று எண்தான், ஆனால் மூன்றுக்கும் பொருள் உண்டு.

ஹியூ என்பது நிறச் சக்கரத்தில் எத்தனையாவது டிகிரி என்பது: 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 240 நீலம். சாச்சுரேஷன் நிறம் எவ்வளவு அழுத்தம் என்பது; 0% என்றால் வெறும் சாம்பல். லைட்னெஸ் 0% கறுப்பு, 100% வெள்ளை. வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் இந்த மூன்று எண்ணையும் நேரடியாகவே ஏற்றுக்கொள்கிறது. கீழே ‘45, 100%, 50%’ என்று எழுதியிருந்தால் அது இந்த வரிசைதான்.

ஒரு எச்சரிக்கை. இதில் வரும் லைட்னெஸ் கணக்கின் எண். கண் பார்க்கும் வெளிச்சம் வேறு. முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் லைட்னெஸ் 50%தான். ஆனால் நீலத்தின்மேல் வெள்ளை எழுத்து பளிச்சென்று படிக்க வரும், மஞ்சளின்மேல் காணாமல் போகும். நம் கண் பச்சை ஒளியை மிகுதியாகவும் நீலத்தைக் குறைவாகவும் உணர்வதே காரணம். வெளிச்சத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 பங்கு. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்தான் மஞ்சள். அதனால்தான் அது வெள்ளைக்கு அவ்வளவு நெருக்கம்.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததுதான் ஓகேஎல்சிஎச் முறை. பியோர்ன் ஒட்டோசன் 2020-ல் வெளியிட்ட ஓகேலேப் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. இப்போதைய பிரௌசர்கள் எல்லாம் அதைப் புரிந்துகொள்கின்றன. கை பழகிய பிறகு அதற்கு மாறிக்கொள்ளலாம், தொடங்கும்போது தேவையில்லை.

போர்டு நிறத்தைத் திரைக்குக் கொண்டுவருவது

கடை போர்டை செல்போனில் படம் எடுத்து அதிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பதுதான் பலர் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். காலை வெயிலில் எடுத்தால் ஒரு மஞ்சள், டியூப் லைட்டில் எடுத்தால் பச்சை ஏறிய மஞ்சள், போனின் கேமரா தன் பங்குக்கு அதையும் மாற்றியிருக்கும். ஒரே போர்டில் நான்கு இடத்தில் தொட்டால் நான்கு எண் வரும்.

போர்டு டிசைன் செய்தவரிடம் மூல ஃபைலைக் கேளுங்கள். அதில் பெரும்பாலும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற அச்சு மை அளவுகள் இருக்கும். அச்சு என்பது மை, திரை என்பது ஒளி. ஒன்றுக்கொன்று அச்சு அசலாகப் பொருந்தாது. மாற்றிய பிறகு வரும் நிறம் சற்று மங்கலாகவோ கூடுதல் பளிச்சென்றோ இருந்தால் கண்ணால் பார்த்துச் சரிசெய்து, ஒரு எண்ணை முடிவு செய்துவிடுங்கள். போர்டோடு துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண். இரண்டு போனில் ஒரே எண் இரண்டு விதமாகத்தான் தெரியப்போகிறது. எங்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவதுதான் முக்கியம்.

நம் கடைக்கு முடிவு செய்த மஞ்சள்: 45, 100%, 50%. சிவப்பு 255, பச்சை 191, நீலம் 0. பழுத்த மாம்பழத் தோலின் மஞ்சள்.

கான்ட்ராஸ்ட்: ஜோடிக்குப் போடும் மதிப்பெண்

எழுத்தின் வெளிச்சத்துக்கும் பின்னணியின் வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம்தான் கான்ட்ராஸ்ட். இரண்டும் ஒரே நிறமானால் 1, கறுப்பும் வெள்ளையுமானால் 21. வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எல்லோராலும் பக்கத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்று 2008-ல் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.0 நெறிமுறைப்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். 24 பிக்சலோ அதற்கு மேலோ உள்ள பெரிய எழுத்துக்கும், தடித்ததானால் சுமார் 18.7 பிக்சலோ அதற்கு மேலோ உள்ளதற்கும் 3 போதும். 2018-ல் வந்த 2.1 பதிப்பு, உள்ளீட்டுப் பெட்டியின் ஓரக்கோடு, ஐகான் போன்றவற்றுக்கும் 3 வேண்டும் என்று சேர்த்தது. சாதாரண எழுத்துக்கு இதைவிடக் கடுமையான நிலையில் 7.

கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. வெப்எய்ம் தளத்தில் உள்ள கான்ட்ராஸ்ட் செக்கரில் இரண்டு நிறத்தைக் கொடுத்தால் எண் வந்துவிடும். வந்த எண்ணை முழுமையாக்கக் கூடாது, 4.48 என்றால் அது 4.5 அல்ல, தோல்விதான். வெள்ளைப் பின்னணியில் #777777 (சிவப்பு, பச்சை, நீல அளவுகளை # போட்டுச் சேர்த்தெழுதும் குறியீடு) சாம்பல் 4.48, ஒரே ஒரு படி கறுத்த #767676 சாம்பல் 4.54. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எங்கோ ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும், அது இங்கே விழுந்திருக்கிறது.

சில ஜோடிகளை மனதில் வைத்துக்கொண்டால் செக்கரைத் திறக்காமலே பாதி முடிவுகள் எடுக்கலாம். வெள்ளையின்மேல் முழு நீலம் 8.59, முழு சிவப்பு 4-க்குச் சற்றுக் கீழே, முழுப் பச்சை 1.37, முழு மஞ்சள் 1.07. ‘கண்ணைப் பறிக்கிறதே’ என்று சிவப்பில் எழுதும் சின்ன எழுத்துகூட 4.5-ஐத் தொடுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சளை என்ன செய்வது

நம் மஞ்சளின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் 1.65. கதை அங்கேயே முடிந்தது. போர்டில் வெள்ளை எழுத்து இருக்கிறதே என்பார் கடைக்காரர். போர்டில் எழுத்து ஓரடி உயரம், சுற்றிலும் கறுப்பு பார்டர். போன் திரையில் அது நான்கு மில்லிமீட்டர்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றும் யோசனை: மஞ்சளைக் கறுக்க வைப்போம். லைட்னெஸை 50-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். 30%-இல் வெள்ளையோடு 4.37, இன்னும் தேறவில்லை. 29%-இல்தான் 4.6-ஐத் தொட்டுத் தேறுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது மஞ்சள் போய்விட்டது. கடுகை அரைத்து இரண்டு நாள் வைத்த விழுதின் நிறம் வந்திருக்கிறது. எண்ணெய்க் கடைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. நீலத்தையோ பச்சையையோ கறுக்க வைத்தால் கருநீலம், கரும்பச்சை என்று அதே குடும்பத்தில் நிற்கும். மஞ்சளைக் கறுக்க வைத்தால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே மஞ்சளை எழுத்தாகவும் வைக்காதீர்கள், வெள்ளை எழுத்துக்குப் பின்னணியாகவும் வைக்காதீர்கள். அதை அகலமான பட்டையாக வைத்து, மேலே கறுத்த எழுத்தை வையுங்கள். முழுக் கறுப்பு எழுத்து 12.7 தரும். ஆனால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் ஆட்டோவும் சாலைத் தடுப்பும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதிலாகக் கரும்பழுப்பு: 25, 60%, 15%. இது மஞ்சளின்மேல் சுமார் 8.8, வெள்ளையின்மேல் சுமார் 14.6. எள்ளுப் புண்ணாக்கின் நிறம், கடையின் பொருளுக்கும் பொருந்துகிறது. மஞ்சளின் ஹியூ 45, பழுப்பின் ஹியூ 25; சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் சண்டை போடுவதில்லை.

நிறங்களின் சேர்க்கை வேறு எதையாவது நினைவூட்டுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் கறுப்பும் சிவப்பும் பட்டையாக மேலும் கீழும் வந்தால் அது திமுக கொடி. நடுவே வெள்ளை சேர்ந்தால் அதிமுக. ஆன்லைன் வடிவமைப்புப் பாடங்கள் இதைச் சொல்லித் தரா. ஆனால் வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்ததும் முதலில் நினைப்பது இதைத்தான்.

நிறமில்லாமல் தொடங்குங்கள்

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பக்கம் முழுவதையும் சாம்பலில் கட்டுங்கள்: பின்னணி, எழுத்து, மங்கல் எழுத்து, கோடு. தலைப்பு எது, விலை எது, பட்டன் எது என்று சாம்பலிலேயே தெரிய வேண்டும். சாம்பலில் தெரியாத ஒழுங்கை நிறம் கொண்டுவந்து கொடுக்காது. பூசி மறைக்க மட்டும்தான் அதனால் முடியும்.

பிறகு அந்தச் சாம்பல்களுக்குப் பதில் கடையின் நிறம் ஏறிய வகைகளை வையுங்கள். நம் கடைக்கு:

பக்கப் பின்னணி 45, 40%, 97%; வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தது போன்ற வெளிர் சந்தனம். எழுத்து மேலே சொன்ன கரும்பழுப்பு. இந்தப் பின்னணியில் 13-க்கு மேல். ‘1 லிட்டர்’, ‘டெலிவரி 3 நாளில்’ போன்ற துணை வரிகளுக்கு மங்கல் பழுப்பு 25, 20%, 35%; இது சுமார் 6.5. தலைப்புப் பட்டைக்கு மஞ்சள். ஆர்டர் பட்டனுக்கு ஒரே ஒரு தனி நிறம், கரும்பச்சை 150, 60%, 25%. அதன்மேல் வெள்ளை எழுத்து கிட்டத்தட்ட 7.

அவ்வளவுதான். ஐந்து நிறம், அதில் நான்கு ஒரே குடும்பம்.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. வெள்ளைப் பின்னணியில் சோதித்து வைத்த சாம்பலை அப்படியே சந்தனப் பின்னணிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வெள்ளையில் 4.54 வாங்கிய #767676, நம் சந்தனத்தில் 4.31-க்கு இறங்கிவிடும். பெட்டியின் ஓரக்கோட்டுக்கு வெள்ளையில் 3.03 வாங்கிய #949494, இங்கே 2.88. இரண்டுமே தோல்வி. பின்னணி ஒரு துளி மாறினாலும் ஜோடியை மறுபடி அளக்க வேண்டும்.

வீட்டு உள்ளலங்காரத்திலிருந்து வந்த 60-30-10 விதியைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள்: முதன்மை நிறம் 60 சதம், துணை 30, தனித்துத் தெரிவது 10. சுவரும் சோபாவும் உள்ள அறைக்கு அது சரி. எழுத்தும் படமும் நிறைந்த பக்கத்துக்கு 30 சதம் மஞ்சள் தாங்காது. பொருள் படங்களில் ஏற்கெனவே நிறம் இருக்கிறது. பத்தில் எட்டு ஒன்பது பங்கு பின்னணியாக விட்டு, மஞ்சளைத் தலைப்பிலும் ஓரிரு பட்டையிலும் நிறுத்திவிடுங்கள். பட்டன் பச்சை ஒரு திரைக்கு ஒருமுறை வந்தால் போதும். ‘எங்களைப் பற்றி’ பட்டனும் பச்சை, ‘மேலும் படிக்க’வும் பச்சை என்றால், ‘ஆர்டர் செய்ய’ கூட்டத்தில் கரைந்துவிடும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கணக்கு

4.5 என்ற எல்லை தமிழுக்குப் போதாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ‘எண்ணெய்’ என்ற சொல்லை 14 பிக்சலில் வெளிர் சாம்பலில் போட்டு, சாதாரண போனில் கையை நீட்டிப் பாருங்கள். ண்-மேல் ஒரு புள்ளி, ய்-மேல் ஒரு புள்ளி. அந்த அளவில் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். பிரௌசர் எழுத்தின் விளிம்பை மென்மையாக்கப் பின்னணி நிறத்தோடு கலக்கும். கோடு நன்றாகத் தடித்திருந்தால் அதன் நடுவாவது முழு நிறத்தில் நிற்கும். புள்ளிக்கு நடுவே கிடையாது, விளிம்பு மட்டும்தான். எனவே நீங்கள் 4.5 என்று அளந்த நிறம், புள்ளி இருக்கும் இடத்தில் அதைவிடக் குறைவாகவே விழுகிறது. ‘எணணெய’ என்று தெரியும். வாசகர் பழக்கத்தால் படித்துவிடுவார், ஆனால் கண் களைத்துப்போகும். பெயரும் முகவரியும் எழுதிய வரியில் பழக்கமும் உதவாது.

ஆகவே பத்திகளில் வரும் தமிழ் எழுத்துக்கு 7-ஐயே குறைந்தபட்சமாக வையுங்கள். எழுத்தளவு 17, 18 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். ஃபான்ட்டின் ‘லைட்’ வகையைத் தொடாதீர்கள். துணை வரிக்கு 6.5 வைத்திருக்கிறோமே என்றால், அது ஓரிரு சொல் வரும் இடம், அதையும் 15 பிக்சலுக்குக் குறைக்கவில்லை.

கறுத்த பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து வைக்கும்போது சிக்கல் தலைகீழாக வரும். வெளிச்சம் கசிந்து கோடு தடித்தது போலத் தெரியும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். அங்கே முழு வெள்ளையைத் தவிர்த்து, லைட்னெஸ் 90%-ஐ ஒட்டிய வெளிர் நிறத்தை எடுத்து, வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்.

சிவப்பும் பச்சையும்

போன் எண்ணைத் தவறாக அடித்தால் சிவப்பில் ஒரு வரி வர வேண்டும். 0, 70%, 40% நல்ல சிவப்பு; நம் சந்தனத்தில் 6.6 வருகிறது. இப்போது அதையும் பட்டன் பச்சையையும் செக்கரில் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 1.01. அதாவது இரண்டின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றே. கறுப்பு-வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். வேற்றுமை முழுக்க ஹியூவில் மட்டும் இருக்கிறது.

சிவப்பு-பச்சை வேறுபாட்டைச் சரியாக உணராதவர்கள் பலர் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதம் என்பது கண் மருத்துவத்தில் நீண்ட காலமாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களில் மிகக் குறைவு, ஏனெனில் இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அவர்களுக்கு நம் சிவப்பு எச்சரிக்கையும் பச்சை ஒப்புதலும் ஒரே மாதிரி மங்கல் பழுப்பாகத் தெரியலாம்.

சிவப்பை மாற்றிப் பயனில்லை. தகவலை நிறத்திடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். ‘போன் எண் 10 இலக்கம் இருக்க வேண்டும்’ என்று வார்த்தையில் எழுதுங்கள். முன்னால் ஒரு ஆச்சரியக்குறி ஐகான். பெட்டியின் ஓரக்கோட்டை 1 பிக்சலிலிருந்து 2 ஆக்குங்கள். ‘ஸ்டாக் உண்டு’, ‘தீர்ந்துவிட்டது’ என்பவற்றைப் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று விடாமல் எழுதியே காட்டுங்கள். பத்தியின் நடுவே வரும் லிங்க்குக்கு அடிக்கோடு போடுங்கள். அடிக்கோடு அழகில்லை என்று எடுப்பவர்கள் உண்டு. எடுத்தால் எது லிங்க் என்று கண்டுபிடிப்பது வாசகர் தலையில் விழும்.

வாட்ஸ்அப் பட்டன், படத்தின்மேல் எழுத்து

சிறு கடைகளுக்கு ஆர்டர் வருவதே வாட்ஸ்அப் வழியாகத்தான், எனவே அந்தப் பச்சை பக்கத்தில் வந்தே தீரும். அதன் எண் 37, 211, 102. அதன்மேல் வெள்ளையில் ‘ஆர்டர் செய்ய’ என்று எழுதினால் கான்ட்ராஸ்ட் 2-ஐக்கூடத் தொடாது. பெரிய வெள்ளை ஐகானைப் பழக்கத்தால் அடையாளம் கண்டுகொள்வார்கள், எழுத்து அப்படியல்ல. நம் கரும்பழுப்பில் எழுதினால் 7-க்கு மேல் வருகிறது. அல்லது பட்டனை நம் கரும்பச்சையிலேயே வைத்து, ஐகானை மட்டும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது வழி எங்களுக்குப் பிடித்தது. பக்கத்தில் இரண்டு பச்சை மோதிக்கொள்ளாது.

முகப்பில் செக்கு ஓடும் படம் போட்டு அதன்மேல் வெள்ளை எழுத்து வைப்பதானால், இடையில் ஒரு கறுப்பு அடுக்கு தேவை. எத்தனை சதம்? மோசமான நிலையை வைத்துக் கணக்கிடுங்கள்: படத்தில் எழுத்து விழும் இடம் முழு வெள்ளையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சதக் கறுப்பு அடுக்கு போட்டால் 3.95தான், 55 சதம் போட்டால் பின்னணி #737373 ஆகி 4.7 வரும். எந்தப் படம் மாற்றினாலும் 55 சதம் எல்லையைக் காப்பாற்றும். தமிழ் எழுத்தானால் 65-க்குக் கொண்டுபோங்கள்.

படத்துக்குள்ளேயே எழுத்தை வைத்து ஜேபெக்காகச் சேமிப்பதைத் தவிருங்கள். ஜேபெக் முறை கோப்பைச் சிறிதாக்க, வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு நிறத் தகவலை மட்டும் பெரும்பாலும் நீள அகலத்தில் பாதியாகக் குறைத்துவிடும். மஞ்சள்மேல் சிவப்பு எழுத்தின் ஓரங்களில் அழுக்கு படிந்தது போலத் தெரிவது இதனால்தான். அதே வாட்ஸ்அப்பில் நாலு முறை கைமாறி வந்த படமானால் இன்னும் மோசம். எழுத்தை எழுத்தாகவே பக்கத்தில் வையுங்கள். லோகோவை எஸ்விஜியாகவோ பிஎன்ஜியாகவோ சேமியுங்கள்.

சோதிக்கும் விதம்

குரோமில் பக்கத்தைத் திறந்து, எழுத்தின்மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். ஸ்டைல்ஸ் பகுதியில் நிறத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு சதுரத்தைத் தொட்டால் கலர் பிக்கர் திறக்கும். அதிலேயே கான்ட்ராஸ்ட் எண் இருக்கும். எண்ணை விரித்தால் நிறப் பலகையின் குறுக்கே ஒரு வளைகோடு வரும். அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் போனால் தேறும் என்று அங்கேயே நகர்த்திப் பார்க்கலாம். புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

அதே கருவியில் ‘மோர் டூல்ஸ்’ வழியே ‘ரெண்டரிங்’ பகுதிக்குப் போனால், பார்வைக் குறைபாடுகளைப் பாவித்துக் காட்டும் வசதி உண்டு. சிவப்பு-பச்சை குறைபாட்டின் வகைகளான டியூட்டரனோபியா, புரோட்டனோபியா இரண்டையும் போட்டுப் பாருங்கள். நிறமே இல்லாமல் காட்டும் அக்ரோமடாப்சியாவையும் போடுங்கள். அந்தக் கடைசி நிலையில் ஆர்டர் பட்டன் எது என்று ஒரு நொடியில் தெரிந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

பிறகு போன். மடிக்கணினியில் மட்டும் பார்த்து முடித்துவிடக் கூடாது. விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்து, வெளிச்சத்தைப் பாதியாக்கி, மதிய வெயிலில் வாசலில் நின்று திறவுங்கள். வெயில் திரையில் பட்டுத் திரும்பும்போது கறுப்பே சாம்பலாகிவிடும். எல்லா ஜோடிகளின் விகிதமும் இறங்கும். அங்கே முதலில் மறைவது வெளிர்ச் சாம்பல் துணை வரிகளும் பெட்டியின் ஓரக்கோடுகளும்தான். போனின் ‘நைட் லைட்’ போன்ற நீலம் குறைக்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் சந்தனம் மஞ்சளாகத் தெரியும், நீங்கள் இல்லாத தவறைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

நிறங்களுக்குப் பெயர் வையுங்கள்

எண்களைப் பக்கம் முழுவதும் தூவாமல் சிஎஸ்எஸ் மாறிகளாக, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ஒரே இடத்தில் எழுதுங்கள். மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது: --பின்னணி, --எழுத்து, --மங்கல்-எழுத்து, --பட்டை, --பட்டன், --பிழை. ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் பிரௌசர்கள் ஏற்றுக்கொள்ளும். பெயரில் நிறத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். ‘--மஞ்சள்’ என்று வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு கடைக்காரர் போர்டைப் பச்சையாக்கினால், ‘--மஞ்சள்’ என்ற பெயருக்குள் பச்சை உட்கார்ந்திருக்கும்.

பட்டன்மேல் மவுஸ் வரும்போது மாறும் நிறத்துக்கு, அதே ஹியூவில் லைட்னெஸை 6, 7 புள்ளி குறைத்தால் போதும். தொடுதிரையில் மவுஸ் மேலே நிற்பது என்று ஒன்று கிடையாது, எனவே அந்த மாற்றத்தில் எந்தத் தகவலையும் ஒளித்து வைக்காதீர்கள். கீபோர்டில் டேப் தட்டி வருபவர்களுக்கு பட்டனைச் சுற்றி வரும் கோட்டை நீக்கிவிடாமல், பின்னணியோடு 3-க்கு மேல் இருக்கும்படி வையுங்கள். நமக்குக் கரும்பழுப்பே போதும்.

டார்க் மோடை முதல் பதிப்பில் சேர்க்காமல் விடுவது நல்லது. அரைகுறையாகச் செய்தால் கறுப்புப் பின்னணியில் கரும்பழுப்பு எழுத்து என்று எங்காவது ஓரிடம் தப்பிவிடும். சேர்ப்பதானால், வாசகரின் கருவி டார்க் மோடில் இருக்கிறதா என்று பார்க்கும் சிஎஸ்எஸ்ஸின் ப்ரிஃபர்ஸ்-கலர்-ஸ்கீம் வழியாக மாறிகளின் எண்களை மட்டும் மாற்றுங்கள். நிறங்களைத் தலைகீழாக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பின்னணிக்கு முழுக் கறுப்பைவிட, கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு பரிந்துரைத்த #121212 கண்ணுக்கு இதம். அதில் நம் கரும்பச்சைப் பட்டன் வெறும் 2.7; இருட்டில் மூழ்கிவிடும். லைட்னெஸை 60%-க்கு ஏற்றி, சாச்சுரேஷனைக் குறைத்து, அதன்மேல் கறுத்த எழுத்தை வையுங்கள். வெளிச்சப் பக்கத்தில் இவ்வளவு பாடுபடுத்திய மஞ்சளோ இங்கே 11.3. தலைப்பையே மஞ்சள் எழுத்தில் வைக்கலாம். வெள்ளைப் பின்னணியில் எடுத்த எண்ணெய்ப் புட்டிப் படங்கள் மட்டும் இருட்டில் வெள்ளைச் சதுரமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றைப் பின்னணி நீக்கிய பிஎன்ஜியாக மாற்றி, கறுத்த நல்லெண்ணெய்ப் புட்டியின் ஓரம் இருட்டோடு கலந்துவிடாதபடி பின்னால் சற்று வெளிறிய ஒரு பெட்டி கொடுங்கள்.